பக்கத்தில் கிடந்தால் உறவாகுமா?

பூமியில் இதுவரை பெயர் கொடுத்துப் பதிவு செய்யப்பட்ட விண்கற்கள் 70,000-ஐத் தாண்டிவிட்டன. அத்தனை தடவை வானத்திலிருந்து கல் விழுந்ததா என்றால், இல்லை. காற்றுமண்டலத்துக்குள் நுழையும் பாறை பெரும்பாலும் உயரத்திலேயே உடைந்துவிடும். சில சமயம் நூற்றுக்கணக்கான துண்டுகளாகத் தரைக்கு வரும். அவற்றில் ஒன்றை இந்த வருடம் ஒருவர் எடுப்பார், இன்னொன்றைப் பத்து வருடம் கழித்து வேறொருவர் எடுப்பார். இரண்டுக்கும் தனித்தனி எண், தனித்தனிப் பெட்டி. ஆள் பார்த்திருக்க விழுந்து கைக்குக் கிடைத்தவை உலகம் முழுக்க ஆயிரத்துச் சொச்சம்தான். மற்றவை எல்லாம் என்றோ விழுந்து, பின்னால் யாரோ கண்டெடுத்தவை. அவற்றில் எது எதோடு சேர்ந்து விழுந்தது?

பல வருடங்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஊர். முன்பு சுற்றிலும் பால்மரம், இப்போது செம்பனை. இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவது இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பழக்கமாகிவிட்டது. விண்கல்லா இல்லையா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் படிக்க ஆரம்பித்தவள்தான், படிப்பு என்னை இந்த இரண்டாவது கேள்வியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

1969 டிசம்பரில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஜப்பானியக் குழு ஒன்று அண்டார்டிகாவில் யமாட்டோ மலைகளுக்கு அருகே பனிப்பாறை எப்படி நகர்கிறது என்று அளந்துகொண்டிருந்தது. விண்கல் தேடப் போனவர்கள் இல்லை. நீலப் பனித்தரையில் கறுப்பாக ஒரு கல் கிடந்தது. சுற்றித் தேடினால் இன்னும் கிடைத்தன. சில கிலோமீட்டர் பரப்புக்குள் மொத்தம் ஒன்பது. அதுவரை அந்தக் கண்டம் முழுவதிலும் கிடைத்திருந்த விண்கற்களே நான்குதான். வேறு கல்லே இல்லாத பனிவெளியில், கூப்பிடு தூரத்தில் இப்படி ஒன்பது கிடைத்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்: ஒரு பாறை வந்தது, வெடித்தது, ஒன்பதாக விழுந்தது.

ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. ஒன்று என்ஸ்டடைட் காண்ட்ரைட். காண்ட்ரைட் என்றால் ஒருபோதும் முழுதாக உருகாமல், பழைய துகள்கள் அப்படியே சேர்ந்து இறுகிய கல்; இந்த வகை ஆக்சிஜன் மிகக் குறைந்த சூழலில் உருவானது. இன்னொன்று கரிமக் காண்ட்ரைட். வேறொன்று டயோஜனைட், அது ஒரு சிறுகோள் முழுக்க உருகி, பிறகு இறுகியபோது ஆழத்தில் உறைந்த பாறை. ஒரே தாய்ப்பாறையில் இவை மூன்றும் விளைந்திருக்க முடியாது. ஆகவே வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் விழுந்தவை. பிறகு எப்படி ஒரே இடத்துக்கு வந்தன? பனிப்பாறைதான் கொண்டுவந்து சேர்த்தது. கண்டத்தின் நடுவே விழும் கல் பனிக்குள் புதைந்து, பனியோடு கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. வழியில் மலை குறுக்கிட்டால் பனி அங்கே தேங்கும். ஓயாத காற்று மேற்பனியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பனி நீராகாமலே ஆவியாகவும் போகும். பல ஆயிரம் ஆண்டுகளாக உள்ளே கிடந்த கற்கள் ஒவ்வொன்றாக மேலே தெரியும். அந்த ஒன்பது கல் இதைக் கற்பித்த பிறகுதான் அண்டார்டிகாவுக்கு விண்கல் தேடியே போக ஆரம்பித்தார்கள். ஜப்பானியர்கள் திரும்பவும் போனார்கள். 1976 முதல் அமெரிக்கக் குழுவும் போகிறது. இன்று உலகின் விண்கல் சேகரிப்பில் பாதிக்கு மேல் அந்தப் பனியிலிருந்து வந்தது.

இதைப் படித்தபோது நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயம்தான் நினைவுக்கு வந்தது. ஒரே வரிசை வீடு, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டு, ஒரே குழாயடி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாரும் ஒரே கூட்டம். உள்ளே கேட்டால் எங்கள் பாட்டனார் சேலம் பக்கம். அடுத்த வீட்டுக்காரர் வட ஆற்காடு. இருவரும் ஏறிய கப்பலுக்கு இடையே பல வருட வித்தியாசம். மறுபக்கம், ஒரே கப்பலில் வந்திறங்கிய அக்காள் தங்கையில் ஒருத்தி பேராக்குக்கும் ஒருத்தி கெடாவுக்கும் போய், பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்ததும் உண்டு. உறவைக் கண்டுபிடிக்கப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? ஊர், குலதெய்வம், பாட்டன் பெயர், வந்த வருடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். குலதெய்வம் முனியாண்டி என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். முனியாண்டியைக் கும்பிடுகிறவர்கள் ஆயிரம் பேர். யாரும் கேள்விப்படாத ஒரு சாமி பெயர் இரண்டு வீட்டிலும் வந்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

விண்கல் ஆய்வாளர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். முதலில் வகை. பூமிக்கு வருகிற கற்களில் முக்கால் பங்குக்கு மேல் சாதாரணக் காண்ட்ரைட்டுகள். அவற்றில் இரும்பின் அளவைப் பொறுத்து எச், எல், எல்எல் என்று மூன்று குடும்பம். ஆலிவின் என்ற பச்சைக் கனிமத்தில் இரும்பு சேர்ந்திருக்கும் விழுக்காட்டை எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவியில் அளந்தால் குடும்பம் தெரிந்துவிடும்: எச் வகையில் 16 முதல் 20 வரை, எல் வகையில் ஏறக்குறைய 22 முதல் 26 வரை, எல்எல் வகையில் அதற்கும் மேல். தாய்ப்பாறைக்குள் இருந்தபோது எவ்வளவு சூடுபட்டது என்பதற்கு 3 முதல் 6 வரை இன்னொரு எண். ஆக, எல்6 என்று ஒரு கல்லுக்கு எழுதினால் இரண்டு அளவீடும் அதில் அடங்கிவிடும்.

சஹாரா பாலைவனத்தில் இரண்டு எல்6 கற்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தால் அவை ஒன்றாக விழுந்தவையா? சொல்ல முடியாது. மிகச் சாதாரணமாக வருகிற வகை அது. விண்கற்களில் எல்6-தான் முனியாண்டி. அதே இடத்தில் இரண்டு நிலாக் கற்கள் கிடைத்தால் கதை வேறு. நிலாவிலிருந்து வரும் கல் அவ்வளவு அரிது. தனித்தனியாக இரண்டு வந்து ஒரே மணல்மேட்டில் விழுவது நம்பக் கடினம். அளவீடு எவ்வளவு துல்லியம் என்பதைவிட, பொருந்தும் அடையாளம் எவ்வளவு அரிது என்பதுதான் முடிவைத் தாங்குகிறது. செய்திகளில் 'இரண்டும் ஒரே வகை' என்ற ஒரு வரியை வைத்து 'ஒரே கல்லின் துண்டுகள்' என்று எழுதிவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வகைக்கு அடுத்து அதிர்ச்சியின் அளவு. விண்வெளியில் பாறையும் பாறையும் மோதிய தழும்பு கனிமத்துக்குள் வெடிப்பாக, கண்ணாடியாக நிற்கும். 1991 முதல் இதற்கு எஸ்1-லிருந்து எஸ்6 வரை ஒரு வரிசை இருக்கிறது. துரு ஏறிய அளவுக்கு டபிள்யூ0 முதல் டபிள்யூ6 வரை இன்னொரு வரிசை. ஆனால் துரு அளவை நான் அதிகம் நம்ப மாட்டேன். ஒரே கல்லின் ஒரு துண்டு மேட்டில் காய்ந்தும் இன்னொன்று பள்ளத்தில் ஊறியும் கிடந்தால் இரண்டும் ஒரே அளவு துருப்பிடிக்காது.

என்னை அதிகம் கவர்ந்தது கல்லுக்குள் ஓடும் கடிகாரங்கள். விண்வெளியில் அலைகிற கல்லை அண்டக்கதிர்கள் ஓயாமல் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலில் ஆக்சிஜன் அணு உடைந்து கார்பன்-14 உண்டாகிறது. இன்னும் பெரிலியம்-10, அலுமினியம்-26, குளோரின்-36, நியான்-21 என்று பலதும். பூமிக்கு வந்து விழுந்ததும் காற்றுமண்டலம் அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும். அந்தக் கணத்திலிருந்து புதிதாக எதுவும் உண்டாகாது. இருப்பது சிதைந்துகொண்டே போகும். கார்பன்-14-இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. மீதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் கல் மண்ணில் எத்தனை காலம் கிடந்தது என்று சொல்லலாம். பாலைவனக் கற்களுக்கு இது போதும். அண்டார்டிகாவில் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்தவையும் உண்டு. அவற்றுக்குச் சுமார் 3 லட்சம் ஆண்டு அரை ஆயுளுள்ள குளோரின்-36 வேண்டும். ஒரு கல் 5,000 ஆண்டுக்கு முன் விழுந்தது, பக்கத்தில் கிடந்தது 20,000 ஆண்டுக்கு முன் விழுந்தது என்று தெரிந்தால் பேச்சு முடிந்தது: இரண்டும் வேறு.

நியான்-21 சிதையாது, சேர்ந்துகொண்டே போகும். அதைக் கொண்டு, தாய்ப்பாறையிலிருந்து உடைந்து தனியான பிறகு கல் எத்தனை காலம் வெளியில் அலைந்தது என்று கணக்கிடலாம். இரண்டு கல்லின் அலைந்த காலமும் ஒத்துவந்தால் ஒரே வீழ்ச்சி என்று சொல்லத் தோன்றும். அங்கேயும் ஒரு தடை உண்டு. எச் வகைக் கற்களில் பெரும் கூட்டம் ஒன்று 70 முதல் 80 லட்சம் ஆண்டு அலைந்தது என்றே காட்டும். அந்தக் காலத்தில் நடந்த ஒரு பெரிய மோதல் அத்தனையையும் உடைத்து விட்டிருக்கிறது. பிறகு அவை தனித்தனியாக, வெவ்வேறு நாளில் பூமிக்கு வந்தன. ஆகவே அந்த எண் ஒத்துப்போவதற்கு மதிப்புக் குறைவு.

இன்னொரு சிக்கல் ஆழம். அண்டக்கதிர் பாறைக்குள் ஓரிரு மீட்டருக்கு மேல் நன்றாகப் போகாது. பெரிய பாறையொன்று வந்து சிதறினால், அதன் மேற்பரப்பில் இருந்த துண்டும் நடுவில் இருந்த துண்டும் ஒரே அளவு கார்பன்-14 வைத்திருக்காது. அளவை அப்படியே வருடமாக மாற்றினால், ஒன்றாக விழுந்த இரண்டும் வெவ்வேறு காலத்தவை போலத் தெரியும். அதனால் கார்பன்-14-ஐத் தனியாக நம்பாமல் பெரிலியம்-10-உடன் சேர்த்து விகிதம் பார்க்கிறார்கள். இரண்டும் ஆழத்தைப் பொறுத்து ஏறக்குறைய ஒரே மாதிரி கூடிக் குறைவதால் விகிதத்தில் ஆழத்தின் குழப்பம் கழன்றுவிடுகிறது. இந்த யோசனையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. உடைந்துபோன பாறையின் எந்த ஆழத்தில் இந்தத் துண்டு இருந்தது என்றுகூடச் சொல்ல முடிகிறதே! அரிசோனாவில் 1995-இல் கண்டுபிடிக்கப்பட்ட கோல்டு பேசின் கற்கள் அப்படித்தான்: ஆயிரக்கணக்கான துண்டுகள், எல்4 வகை, சுமார் 15,000 ஆண்டுக்கு முந்தைய வீழ்ச்சி. வந்த பாறை பல மீட்டர் அகலம் என்று அந்தத் துண்டுகளை வைத்தே கணக்கிட்டார்கள். அதே பாலைவனப் பரப்பில், அந்தத் துண்டுகளுக்கு நடுவிலேயே, சம்பந்தமில்லாத வேறு வீழ்ச்சிகளின் கற்களும் கிடைத்தன.

இதுவரை சொன்னதை வைத்து, வகை வேறு என்றால் வீழ்ச்சியும் வேறு என்று நிம்மதியாக இருக்கலாம். 2008 வரை பலரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அந்த வருடம் அக்டோபர் 6 அன்று அரிசோனாவில் ஒரு தொலைநோக்கி சிறிய சிறுகோள் ஒன்றைக் கண்டது. சுமார் நான்கு மீட்டர் அகலம். 2008 டிசி3 என்று பெயர் வைத்தார்கள். இருபது மணி நேரத்துக்குள் பூமியைத் தொடும் என்று கணக்கு சொன்னது. சொன்னபடியே அக்டோபர் 7 அதிகாலை சூடானின் நூபியப் பாலைவனத்துக்கு மேலே வெடித்தது. வானத்தில் இருக்கும்போதே கண்டு, விழும் இடம் சொல்லி, விழுந்ததையும் எடுத்தது அதுவே முதல் முறை. கார்ட்டூம் பல்கலைக்கழக ஆசிரியர் முஆவியா ஷத்தாதும் விண்கல் ஆய்வாளர் பீட்டர் ஜென்னிஸ்கன்ஸும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போனார்கள். வரிசையாக நின்று, மணலைப் பார்த்தபடியே நடந்து, அறுநூறுக்கு மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தன. அல்மஹாட்டா சிட்டா என்பது அந்த விண்கல்லின் பெயர். எனக்கு இந்த மாணவர்களை நினைத்தாலே பெருமையாக இருக்கிறது. பெரிய விண்கலம் ஏதும் இல்லாமல், கால்நடையாகவே ஒரு சிறுகோளின் உட்பகுதியை உலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

பெரும்பாலானவை யூரிலைட் என்ற அரிய வகை. ஆனால் சிலவற்றை அறுத்தால் என்ஸ்டடைட் காண்ட்ரைட், சில சாதாரணக் காண்ட்ரைட். யமாட்டோ பாடத்தின்படி, இவை வேறு காலத்தில் விழுந்து அங்கே கிடந்த பழைய கற்கள் என்று தள்ளியிருக்க வேண்டும். தள்ளுவதற்கு முன் அளந்து பார்த்தார்கள். சோடியம்-22 போன்ற, அரை ஆயுள் இரண்டரை ஆண்டு மட்டுமே உள்ள அணுக்கள் அந்த வேற்றுவகைக் கற்களிலும் இருந்தன. பழைய கல்லாக இருந்தால் அவை எப்போதோ தீர்ந்திருக்கும். பின்னால், யூரிலைட்டும் காண்ட்ரைட் பொருளும் ஒட்டியே இருக்கும் துண்டுகளும் கிடைத்தன. 2008 டிசி3 என்பதே பல பாறைகளின் உடைசல் சேர்ந்து கட்டிய ஒரு குவியல். ஒரே இடத்தில் கிடப்பதாலேயே ஒரு வீழ்ச்சி இல்லை என்று யமாட்டோ சொன்னது போல, பல வகையாக இருப்பதாலேயே பல வீழ்ச்சி இல்லை என்று சூடான் சொன்னது.

சேர்ந்து வந்தது போலவே தெரியும் இன்னொரு ஜோடியும் இருக்கிறது. 1959 ஏப்ரல் 7 அன்று செக் நாட்டில் பிரிபிராம் விண்கல் விழுந்தது. 2002 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனியில் நொய்ஷ்வான்ஷ்டைன். இரண்டும் வந்த நெருப்புக்கோட்டைக் கேமராக்கள் பிடித்திருந்தன. சுற்றிவந்த பாதை ஏறக்குறைய ஒன்றே. ஒரே பாறை முன்பே உடைந்து, இரு துண்டுகள் நாற்பது வருட இடைவெளியில் வந்தனவோ என்ற ஆவல் எழுந்தது. பிரிபிராம் எச்5, மற்றது என்ஸ்டடைட் காண்ட்ரைட். ஒன்று சுமார் 1.2 கோடி ஆண்டு அலைந்தது, மற்றது 4.8 கோடி ஆண்டு. பாதை ஒன்றாகத் தெரிந்தது தற்செயலாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு நேர்மாறு செவ்வாயிலிருந்து வந்த நாக்லைட்டுகள். எகிப்தின் நாக்லாவில் 1911-இல் விழுந்ததும் அண்டார்டிகாவில் கிடைத்தவையும் ஒரே வீழ்ச்சியாக இருக்கவே முடியாது. ஆனால் எல்லாமே சுமார் 1.1 கோடி ஆண்டுக்கு முன் செவ்வாயை விட்டுக் கிளம்பியவை. கிளம்பியது ஒன்றாக, வந்து சேர்ந்தது தனித்தனியாக.

நம் மண்ணுக்கு வருகிறேன். தோட்டத்தில் வேலையை மேற்பார்த்து ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர், எண்பது வயதைத் தாண்டியவர், இரண்டு கற்களைத் துணிப்பையில் கொண்டுவந்தார். சிறுவயதில் பெரட்டுக்குப் போகும் இருட்டில் வானம் பகலாகி மறைந்ததைப் பார்த்திருக்கிறார். பல வருடம் கழித்துப் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது இந்த இரண்டும் வெவ்வேறு இடத்தில் கிடைத்தனவாம்.

"ரெண்டும் அன்னைக்கு விழுந்ததுதானா டீச்சர்? ஒண்ணாத்தான் வந்திருக்குமா?"

"எங்கெங்கே கிடைச்சுது தாத்தா, ஞாபகம் இருக்கா?"

அவர் சொன்ன விதத்தில் நான் அசந்துபோனேன். ஒன்று ஓடைக்கு மேற்கே, அவர் தம்பி வெட்டிய நிரையின் கடைசி மரத்துக்குப் பக்கத்தில், முழங்கால் ஆழத்தில். மற்றது ஸ்டோருக்குப் பின்னால், பழைய சாலை வளைகிற இடத்தில், மண்ணுக்கு மேலேயே. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிற எத்தனையோ கற்களுக்கு இந்த அளவு விவரம் கிடையாது.

கற்களைப் பார்த்தேன். முதலாவதைத் தரை ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் தேய்த்தால் செங்கல் நிறக் கோடு விழுந்தது. செம்புரைமண்ணில் இறுகும் இரும்புக்கட்டி. இரண்டாவதன் உடைந்த முகத்தில் குமிழிகள். எங்கோ உலையில் உருக்கியபோது ஒதுங்கிய கசடு. இரண்டுமே வானத்திலிருந்து வரவில்லை என்று அவரிடம் நேராகவே சொன்னேன். அவர் பார்த்த வெளிச்சம் பொய்யில்லை என்றும் சொன்னேன். அன்று ஏதாவது தரைக்கு வந்திருந்தாலும் நம் மழையும் சூடும் அதை விட்டுவைத்திருக்காது. விண்கல்லில் இருக்கும் இரும்பு இந்த ஈரத்தில் வேகமாகத் துருப்பிடித்துக் கல்லையே உடைத்துவிடும். பாலைவனமும் பனியும் பல்லாயிரம் ஆண்டு காப்பதை இந்த மண் அவ்வளவு காலம் காக்காது.

ஈரத்துக்கு அழியாத ஒன்றும் நம்மிடம் உண்டு: டெக்டைட். கறுப்புக் கண்ணாடி, பொத்தானாகவும் நீர்த்துளியாகவும் இருக்கும். தீபகற்ப மலேசியாவின் ஈயச் சுரங்கச் சரளையிலும் கிடைத்திருக்கிறது. அது விண்கல் இல்லை. பெரும் பாறை ஒன்று மோதியபோது உருகித் தெறித்த பூமியின் மண்ணே. வியட்நாம், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவின் பெலித்துங், ஆஸ்திரேலியா என்று இவ்வளவு தூரத்தில் கிடைப்பவை ஒரே மோதலில் உண்டானவையா என்பதும் இதே கேள்விதான். ஆர்கான் முறையில் கணக்கிட்ட வயது எல்லாவற்றுக்கும் சுமார் 7,90,000 ஆண்டு, வேதிப்பொருளும் ஒத்துவருகிறது. கடலடி மண்ணில் இதே கண்ணாடியின் நுண்துளிகள், பூமியின் காந்தத் திசை கடைசியாகத் தலைகீழான அடுக்குக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. ஒரே நிகழ்வு என்பதில் இன்று ஐயமில்லை. பள்ளம் எங்கே என்பதில்தான் சண்டை. லாவோஸின் பொலவன் மேட்டு எரிமலைக் குழம்புக்குக் கீழே மூடிக் கிடக்கிறது என்று 2020-இல் ஓர் ஆய்வு வாதிட்டது, ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

மண்டோர் தாத்தாவின் நினைவை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் மொரோக்கோ சந்தை. சஹாராவில் நாடோடிகள் எடுத்து, கைமாறிக் கைமாறி விற்கப்படும் கற்களுக்குக் கிடந்த இடம் தெரியாது. வடமேற்கு ஆப்பிரிக்கா என்று எழுதி ஓர் எண் போடுகிறார்கள். 2011-இல் அங்கே கிடைத்த 7034 என்ற எண்ணுள்ள கல் செவ்வாயிலிருந்து வந்தது. 320 கிராம், பழைய செவ்வாய் மேலோட்டின் துணுக்குகள் ஒட்டிய பாறை. அதோடு சேர்ந்து விழுந்த துண்டுகள் வெவ்வேறு வியாபாரிகளிடம் வெவ்வேறு எண்ணில் இருந்தன. இவ்வளவு அரிய வகை என்பதால் அவற்றை ஆய்வகத்தில் ஒன்றுசேர்க்க முடிந்தது. அதுவே சாதாரண எல்6 என்றால், எந்தத் துண்டு எதோடு விழுந்தது என்று பல நேரம் இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தச் செவ்வாய்க் கல்லுக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. விண்கல்லா என்று பார்க்க எடுத்தவர்கள் வலுவான காந்தத்தை வைத்துத் தொட்டதில், கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லுக்குள் பதிந்திருந்த செவ்வாயின் காந்த நினைவு அழிந்துபோனது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. சேர்ந்து விழுந்த துண்டுகளும் தப்பவில்லை.

அதனால் இப்போது கல்லோடு வருகிற எல்லாரிடமும் ஒன்றையே கேட்டுக்கொள்கிறேன். கழுவாதீர்கள், அறுக்காதீர்கள், காந்தம் வைக்காதீர்கள். எடுப்பதற்கு முன்னால் கிடக்கிற நிலையிலேயே ஒரு படம்; கைப்பேசி காட்டும் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு; எந்த ஆழம், எந்தப் பக்கம் மேலே பார்த்திருந்தது. இரண்டு கல் கிடைத்தால் இரண்டு பை, ஒவ்வொன்றுக்கும் தனித் தாள், இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி என்ற கணக்கு. பெரிய துண்டு எந்தத் திசையில், சிறியது எந்தத் திசையில் என்பதையும் எழுதுங்கள். சிதறி விழும் பாறையில் கனமான துண்டுகள் வந்த திசையிலேயே தூரமாகப் போய் விழும், சிறியவை முன்னாலேயே இறங்கிவிடும். இந்த ஒழுங்கு இருக்கிறதா என்பது ஒரே வீழ்ச்சிக்கு நல்ல சாட்சி. ஈப்போவில் உள்ள கனிமவள, புவி அறிவியல் துறையிலோ பல்கலைக்கழகம் ஒன்றிலோ காட்டுவதென்றால் கல்லை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அந்தத் தாளையும் கூடவே கொடுங்கள், ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.